காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறுவது எப்படி?

இதயத்தின் இடது கீழறை ஓங்கித் தள்ள, தமனி வழியே ரத்தம் பாதம்வரை போய்விடுகிறது. இறங்குவது சரி. திரும்ப நெஞ்சுவரை ஏற வேண்டுமே? தந்துகிகளைத் தாண்டுவதற்குள் அந்த அழுத்தத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

மிச்ச வேலையைச் செய்வது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது இறுகி, உள்ளே ஓடும் சிரைகளைப் பிழிகிறது. பிழிந்தால் கீழேயும் போகாதா? போகாது, சிரைக்குள் வால்வுகள் இருக்கின்றன. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு மாதிரி: மேலே விடும், கீழே விடாது. அசையாமல் நெடுநேரம் நின்றால் பிழிய ஆளில்லை. ரத்தம் காலில் தேங்குகிறது. அணிவகுப்பில் விறைப்பாக நிற்பவர் சிலர் மயங்கி விழுவது இதனால்தான். வால்வு பழுதானால் சிரை புடைத்துச் சுருள்கிறது. நாம் அதை 'நரம்பு சுருட்டல்' என்கிறோம். பாவம், நரம்புக்கு அதில் பங்கே இல்லை.

இந்த வால்வுகளைப் பற்றி 1603இல் விரிவாக எழுதிய இத்தாலியர் ஃபாப்ரிசியஸ், அவை ரத்தத்தின் வேகத்தைக் குறைக்கவே இருப்பதாக நினைத்தார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628இல் சரியான விடையைச் சொன்னார்: ரத்தம் இதயத்துக்குத்தான் திரும்புகிறது.

நீங்களும் பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்த சிரையை ஒரு விரலால் அழுத்துங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கம் வழித்துவிட்டு அந்த விரலை எடுங்கள். வால்வுக்குக் கீழே உள்ள பகுதி வெறுமையாகவே கிடக்கும். முதல் விரலையும் எடுத்தால், கீழிருந்து நிரம்பும்.