கணிப்பொறியில் தொலைக்காட்சி: உரிமம் தேவையா?

வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. கணிப்பொறி மட்டும் இருக்கிறது. இணையத்தின் வழியாக அதில் செய்திகளையும் கிரிக்கெட் ஆட்டங்களையும் பார்க்கிறோம். இதற்கு அரசிடம் உரிமம் பெற வேண்டுமா? திருவொற்றியூரில் ஒரு மாணவரிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். அவருடைய தாத்தா சிரிக்க மாட்டார். வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி, உரிமப் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்ட தலைமுறை அவருடையது.

இந்தியாவில் இன்று அத்தகைய உரிமம் தேவையில்லை. ஆனால் முன்பு ஏன் தேவைப்பட்டது? வேறு சில நாடுகளில் இன்றும் ஏன் கேட்கிறார்கள்? இவற்றுக்கு விடை காணச் சட்டத்தோடு சிறிது இயற்பியலும் வேண்டும்.

உரிமம் வந்த கதை

வானொலி அலையை வேலி போட்டுத் தடுக்க இயலாது. பரப்பி ஒன்று அலைகளை அனுப்பினால், பணம் கொடுத்தவர் வீட்டிலும் கொடுக்காதவர் வீட்டிலும் அவை ஒன்றுபோலவே நுழையும். அப்படியானால் ஒலிபரப்பின் செலவை யாரிடம் வசூலிப்பது? 1924ஆம் ஆண்டில் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய வானொலிக் கழகம் பணமின்றி 1927இல் ஒலிபரப்பை நிறுத்தியது. அதே ஆண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கிய ஒரு தனியார் நிறுவனம், ஏற்பி ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமத் தொகையில் 80 விழுக்காட்டைப் பெற்றது. அதுவும் போதவில்லை, 1930இல் நிறுவனம் மூடப்பட்டது.

பின்னர் வந்தது 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். கம்பியில்லாத் தொடர்புக்குப் பயன்படக்கூடிய எந்தக் கருவியையும் உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம் என்றது அது. பயன்படுத்துவது மட்டுமன்று, வைத்திருப்பதே குற்றம்! 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது, தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இவ்வுரிமம் வேண்டியிருந்தது. 1980களின் நடுவில் வானொலி, தொலைக்காட்சி ஏற்பிகளுக்கான உரிம முறையை அரசு கைவிட்டது. அரசு நிதியும் விளம்பர வருவாயும் அதன் இடத்தை நிரப்பின.

பெட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி?

மூடிய அறையில் ஒருவர் உரிமமின்றி வானொலி கேட்டால் வெளியிலிருந்து அறிய முடியுமா? முடியும். ஏற்பி அலைகளை வாங்குவதோடு நிற்பதில்லை; சிறிதளவு வெளியிலும் விடுகிறது. சாதாரண வானொலிப் பெட்டிக்குள் ஓர் அலையியற்றி உண்டு. 720 கிலோஹெர்ட்ஸ் சென்னை வானொலியைக் கேட்க நாம் முள்ளைத் திருப்பும்போது, அந்த அலையியற்றி 455 கிலோஹெர்ட்ஸ் கூடுதலாக, அதாவது 1175 கிலோஹெர்ட்ஸில் அதிர்கிறது. இவ்விரண்டும் கலந்து கிடைக்கும் வேறுபாடான 455 கிலோஹெர்ட்ஸையே பெட்டி பெருக்கி ஒலியாக்குகிறது. உள்ளே அதிரும் 1175இல் ஒரு துளி வெளியே கசிகிறது. தெருவில் நிற்பவர் நுட்பமான கருவியால் அதைப் பிடித்தால், பெட்டி இருப்பதோடு, எந்த நிலையம் கேட்கப்படுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

படக் குழாயுள்ள பழைய தொலைக்காட்சிப் பெட்டி இன்னும் வெளிப்படையானது. 625 வரிகளை நொடிக்கு 25 முறை வரைவதற்காக, அதன் கம்பிச்சுருள்களில் மின்னோட்டம் நொடிக்கு 15,625 முறை ஏறி இறங்கும். அதனால் எழும் காந்தப் புலம் சுவரையும் கடக்கும். பிரிட்டனில் 1952இல் தெருக்களில் ஓடத் தொடங்கிய கண்டறியும் ஊர்திகள் இத்தகைய கசிவைத் தேடியவையே.

கணிப்பொறி என்ன செய்கிறது?

கணிப்பொறியில் தொலைக்காட்சி பார்க்க இரு வழிகள் உள்ளன. டியூனர் அட்டையைப் பொருத்தி ஏரியலை இணைப்பது ஒன்று. அப்போது அது தொலைக்காட்சி ஏற்பியேதான். இரண்டாவது இணையம். இதில் படம் எண்களாக மாற்றப்பட்டு, சிறுசிறு பொட்டலங்களாக வந்து சேர்கிறது. வருவது பாட்டா, பாடமா, பந்தாட்டமா என்பதைத் திரையின் கசிவைக் கொண்டு தெருவில் நின்று பிரித்தறிவது எளிதன்று. பெட்டியைத் தேடும் பழைய முறை இங்கே தடுமாறுகிறது.

வேறொரு வேறுபாடும் உண்டு. வானலை ஒளிபரப்பில் ஆயிரம் பேர் பார்த்தாலும் இலட்சம் பேர் பார்த்தாலும் பரப்பியின் செலவு ஒன்றே. இணையத்தில் பொதுவாக ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓடை செல்ல வேண்டும். நொடிக்கு 3 மெகாபிட் வீதம் ஒரு படம் வருவதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 10,800 மெகாபிட். எட்டால் வகுத்தால் 1,350 மெகாபைட். நாளுக்கு 1.5 ஜிகாபைட் வாங்கியிருக்கும் மாணவர் ஒருவரின் பங்கு ஒரு மணி நேர ஆட்டத்திலேயே ஏறக்குறையத் தீர்ந்துவிடும். அன்றைய பாடத்துக்கு மிஞ்சுவது சொற்பமே. உரிமம் போயிற்று, செலவு போகவில்லை. முன்பு பெட்டிக்குக் கட்டினோம், இன்று பாதைக்குக் கட்டுகிறோம்.

பிற நாடுகளில்

பிரிட்டனில் சட்டம் கருவியைவிடப் பார்க்கும் செயலையே முதன்மையாகக் கொள்கிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால், கணிப்பொறியானாலும் கைபேசியானாலும் உரிமம் தேவை. பி.பி.சி.யின் ஐபிளேயர் சேவையில் பழைய நிகழ்ச்சிகளைப் பார்ப்பதற்கும் 2016 செப்டம்பர் 1 முதல் உரிமம் வேண்டும். ஜெர்மனி 2013 முதல் கருவிக் கணக்கையே விட்டுவிட்டது. குடியிருப்பு ஒன்றுக்கு ஒரு கட்டணம், பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும். கருவியை எண்ணுவது கடினமானபோது ஒரு நாடு செயலை எண்ணியது. மற்றொன்று வீட்டை எண்ணியது.

உரிமம் இன்றும் வேண்டிய இடம்

அப்படியானால் வானலைக்கு உரிமமே வேண்டாமா? காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குச் சென்றால் விடை கிடைக்கும். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் வரும் கப்பல்களும் கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளும் 156.8 மெகாஹெர்ட்ஸில், அதாவது கடல்சார் வானொலியின் 16ஆம் தடத்தில், ஆபத்துக் குரலைக் கேட்கவும் எழுப்பவும் செய்கின்றன. இத்தடத்தில் பயன்படுவது அதிர்வெண் பண்பேற்றம். அதற்கு ஓர் இயல்புண்டு: ஒரே அதிர்வெண்ணில் இரு குரல்கள் வந்தால், வலிமை மிக்கது மற்றதை அடக்கிவிடும். தடையற்ற வெளியில் அலையின் வலிமை தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். ஆகவே கரையிலிருந்து 20 கிலோமீட்டரில் மூழ்கும் படகின் குரலைவிட, 2 கிலோமீட்டரில் அதே திறனுடைய கருவியில் வம்பு பேசுபவரின் குரல் 100 மடங்கு வலிமையாக வரும். படகின் குரல் மங்கலாகக்கூடக் கேட்காது, அடியோடு மறைந்துவிடும்.

ஏற்பிக்கும் பரப்பிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நாம் பார்ப்பதால் அடுத்த வீட்டுக்காரருக்கு எதுவும் குறைவதில்லை. நாம் பரப்பினால் மற்றொருவரின் வழி அடைபடக்கூடும். எனவே முன்னதற்குக் கேட்டது கட்டணம். பின்னதற்குக் கேட்பது ஒழுங்கு.

நம் கணிப்பொறியின் வைஃபையும் பரப்பிதானே என்று கேட்கலாம். ஆம். 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்படி பார்த்தால் அதற்கும் உரிமம் வேண்டும். ஆனால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு 2005இல் அரசு விதிவிலக்கு அளித்தது. அவற்றின் அலை சில சுவர்களைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். கடலில் எவர் குரலையும் அது அடக்காது. பழைய தந்திச் சட்டங்களின் இடத்தில் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் 2023இல் இயற்றப்பட்டுள்ளது.

ஆகவே, கணிப்பொறியில் தொலைக்காட்சி பார்ப்போர் உரிமம் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. உரிமமில்லாத வாக்கி-டாக்கியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, விளையாட்டாக அதன் பொத்தானை அழுத்துவதற்கு முன்புதான் சிந்திக்க வேண்டும். அந்த நொடியில் கடலில் யாரேனும் உதவி கேட்டுக்கொண்டிருக்கலாம்.