65,000 ரூபாய் வித்தியாசம்: பிளஸ் டூ பிள்ளைக்கு எந்த லேப்டாப்?

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினால், கடையில் அவர்கள் முன் இரண்டு விலைகள் வைக்கப்படும். ஒன்று 35,000 ரூபாய் அளவில்: ஐ3 அல்லது ரைசன் 3 பிராசசர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, பிளாஸ்டிக் உடல். இன்னொன்று ஒரு லட்சத்தை ஒட்டி. ஆப்பிளின் மேக்புக் ஏர் எம்4, 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 99,900. கணக்குக்காக 35,000 என்றும் 1,00,000 என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 65,000.

இந்தப் பணத்தை நம் ஊர் வருமானத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை விளைகிற பூமி. 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த நிலக்கடலை ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அந்த விலை முழுதாகக் கைக்கு வந்தால்கூடச் சாதாரண லேப்டாப்புக்கு 4.8 குவிண்டால் போட வேண்டும். விலை உயர்ந்ததற்கு 13.8 குவிண்டால். விதை, களை, ஆள்கூலி எதையும் இதில் கழிக்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் கணக்கு இன்னும் கடுமை. தமிழ்நாட்டில் 2025-26க்கு நாள் கூலி 336 ரூபாய். 35,000 என்பது 104 நாள் கூலி. ஒரு லட்சம் என்பது 298 நாள். நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்தால் வருவதே 33,600தான் என்பதால், பிரீமியம் லேப்டாப் மூன்று வருடக் கூலியை விழுங்கிவிடும்.

கடனில் வாங்கலாம் என்பார்கள். 16 சதவீத வட்டியில் 35,000 ரூபாயை 12 மாதத்தில் அடைத்தால் தவணை ஏறக்குறைய 3,176 ரூபாய், மொத்த வட்டி 3,100. ஒரு லட்சத்தை அதே வட்டியில் 24 மாதம் கட்டினால் மாதம் 4,896, வட்டி மட்டும் 17,500. அந்த வட்டி, சாதாரண லேப்டாப்பின் விலையில் சரிபாதி.

அரசு இதே கேள்வியை லட்சக்கணக்கில் பெருக்கிப் பார்த்திருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அடுத்த எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 52 லட்சம் மாணவர்களுக்குக் கொடுத்ததில் செலவு 7,250 கோடி ரூபாய் அளவில். ஒன்றுக்கு 14,000 ரூபாய். ஆரம்பத்தில் தந்தவற்றில் 2 ஜிபி ரேம்தான். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. வீட்டில் முதல் கம்ப்யூட்டராக அதைத் திறந்து படித்து, வேலைக்குப் போன பிள்ளைகள் நம் மாவட்டத்தில் ஏராளம். 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்து, முதல் கட்டமாக 2,000 கோடி ஒதுக்கினார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர் என்று வகுத்தால் தலைக்கு 20,000. எல்காட் கேட்ட தரம் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. மொத்தமாக வாங்குவதால் அரசுக்கு அந்த விலை. நமக்குக் கடையில் கூடத்தான் ஆகும். ஆனால் தரத்தின் அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாணவருக்கு 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் போதும், அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

கீழே இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2011 அக்டோபர் 5 அன்று மத்திய அரசு 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டது. அரசு வாங்கிய விலை 2,276 ரூபாய். உள்ளே 256 எம்பி ரேம், அழுத்தினால்தான் வேலை செய்யும் திரை. மாணவர்கள் அதோடு போராடினார்களே தவிரப் படிக்க முடியவில்லை. இன்றைக்கு 20,000 ரூபாய்க்குள் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு என்று வரும் லேப்டாப்புகளைப் பார்த்தால் எனக்கு ஆகாஷ் நினைவுதான் வருகிறது. விண்டோஸ் 11 ஓடக் குறைந்தபட்சத் தேவையே அந்த அளவுதான். அதற்குமேல் ஒரு ஜூம் வகுப்பும் நாலு பக்கமும் திறந்தால் மெஷின் மூச்சுவிடாது.

சரி, பிள்ளைக்கு அதில் என்ன வேலை? நம் பிளஸ் ஒன் கணினி அறிவியலில் சி++, பிளஸ் டூவில் பைத்தானும் மைஎஸ்கியூஎல்லும். கணக்குப்பதிவியல் படிக்கிற பிள்ளைக்கு டாலி. பைத்தான் நிறுவும் கோப்பே 30 எம்பியைத் தாண்டாது. லிப்ரே ஆஃபிஸ் இலவசம். பாடநூல்கள் பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன, 'மணற்கேணி' செயலி போனிலேயே ஓடும். இவற்றில் ஒன்றுகூட ஒரு லட்ச ரூபாய் மெஷினைக் கேட்கவில்லை.

ஐந்து ஆண்டு வைத்திருக்கும் செலவைப் போட்டுப் பார்த்தேன். வாங்கும் விலை 35,000. மூன்றாம் ஆண்டில் பேட்டரி மாற்ற 3,000. கீல் உடையும், கீபோர்டு போகும், அதற்கு 3,000. தூசி எடுத்து பேஸ்ட் வைக்க ஐந்தாண்டுக்கு 2,000. தினம் நாலு மணி நேரம் 30 வாட் என்றால் மாதம் 3.6 யூனிட், யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் ஐந்தாண்டு மின்சாரம் 1,080 ரூபாய்தான். ஆக மொத்தம் 44,000 சொச்சம். ஆண்டுக்கு 8,800, நாளைக்கு 24 ரூபாய். பிரீமியத்துக்குப் பழுதே வராது, மின்சாரமே வேண்டாம் என்று சலுகை கொடுத்தாலும், ஆண்டுக்கு 8,800 என்ற கணக்குக்கு அது வர வேண்டுமென்றால் 11 ஆண்டுக்கு மேல் உழைக்க வேண்டும். அதன் திரை ஒருமுறை உடைந்தாலே கணக்கு குலைந்துவிடும். அதைப் பழுதுபார்க்கப் பெரும்பாலும் சென்னை மாதிரிப் பெருநகரத்துக்குத்தான் போக வேண்டும். சாதாரண லேப்டாப்பின் கீலைத் திருவண்ணாமலையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

பிரீமியத்தின் நல்ல குணங்களை மறைக்கக் கூடாது. மேக்புக் ஏர் 1.24 கிலோ; சாதாரணமானவை 1.6 கிலோவுக்கு மேல். பேட்டரி 18 மணி நேரம் வரை என்கிறது ஆப்பிள். 35,000 ரூபாய் மெஷின் நாலைந்து மணி நேரம் நின்றால் பெரிது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலைவரை கரண்ட் நிறுத்தும் நாளில் இந்த வித்தியாசம் தெரியும். அது ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள். அதற்காக 65,000 கொடுப்பது தகாது. வீடியோ எடிட்டிங், கட்டட வரைகலை என்று ஏற்கெனவே இறங்கிவிட்ட பிள்ளைக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கேயும் மெல்லிய உலோக உடலைவிடத் தனி கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபியும்தான் முக்கியம்.

மெஷினால் மட்டும் படிப்பு ஏறிவிடாது என்பதைப் பெரு நாடு அனுபவித்தது. 'பிள்ளைக்கொரு லேப்டாப்' திட்டத்தை அங்கே 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் ஏறவில்லை.

கடையில் ஒரு காரியத்தை மட்டும் விடாமல் செய்யுங்கள். மெஷினை ஆன் செய்யச் சொல்லி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. வலது பக்கம் கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்று இருந்தால், நாளைக்கு இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறது. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றி மாற்ற முடியாது. ஐந்தாண்டு ஓட்ட நினைக்கிறவர்களுக்கு, விலைச்சீட்டைவிட இந்த இரண்டு வரிகள் முக்கியம். பழைய லேப்டாப் வாங்குவதானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய மெஷின்களை விண்டோஸ் 11 ஏற்காது.

அரசுப் பள்ளிப் பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தருவதாகத்தான் ஏற்பாடு. அந்த 65,000 ரூபாய் 65 மாத உதவித்தொகைக்குச் சமம், ஒரு பி.எஸ்சி. படிப்போ 36 மாதம்தான். மிச்சப்படும் பணம் கல்லூரிக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் விடுதிக்கும் ஆகும். அடுத்த ஆண்டு பிள்ளை அரசுக் கல்லூரியில் சேரப்போகிறது என்றால், அரசு லேப்டாப் எந்த ஆண்டு மாணவருக்குக் கிடைக்கும் என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். வாங்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டியோடு, மெஷினின் சீரியல் எண் எழுதிய பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாரன்டிக்கு அதுதான் கைகொடுக்கும்.