இளைஞர் கதைகளிற் கற்பனைத் தோழர்

1942ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆந் திகதி, அம்ஸ்ரர்டாம் நகரில் ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமி தன் பதின்மூன்றாம் பிறந்தநாட் பரிசாக ஒரு நாட்குறிப்பேட்டைப் பெற்றாள். நாசிகளுக்கு அஞ்சி அடுத்த மாதமே அவள் குடும்பம் மறைந்து வாழ நேர்ந்தது. அம்மறைவிடத்தில் அவள் எழுதியவை கிற்றி என்னும் தோழிக்கு விடுத்த கடிதங்களாக அமைந்தன. இக்கிற்றி ஒரு கதைப்புத்தகத்திலிருந்து வந்தவள் என்பர் ஆய்வாளர் பலர். சிசி வான் மாக்ஸ்வெல்ற் டச்சு மொழியிற் பள்ளி மாணவியர்க்கென எழுதிய யோப் தெர் ஹூல் கதைவரிசையில், நாயகியின் தோழியருள் ஒருத்தியின் பெயர் கிற்றி. தொடக்கத்தில் ஆன் அத்தோழியர் பலருக்கும் எழுதினாள். 1944இல் தன் குறிப்புகளைத் திருத்தியமைத்தபோது கிற்றி ஒருத்தியே எஞ்சினாள். பொழுதுபோக்கென்று பெரியோர் ஒதுக்கும் இளைஞர் கதையொன்று, அடைபட்டுக் கிடந்த ஒரு பிள்ளைக்குப் பேசுதற்கு ஆள் கொடுத்தது.

சாகசக் கதை எழுதுவோர் முதலிற் செய்வது தாய் தந்தையரை அகற்றுவதாகும். பெரியோர் பக்கத்திலிருப்பின் ஆபத்துமில்லை, கதையுமில்லை. தனித்து விடப்பட்ட கதாநாயகனுக்குத் தீவிலோ காட்டிலோ ஒரு துணை கிடைத்துவிடும். வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் விட்டு அகலாத பிள்ளைக்கோ, துணையும் சாகசமும் உள்ளத்திலேயே தோன்றல் வேண்டும்.

கனடிய எழுத்தாளர் லூசி மோட் மொன்ற்கொமறி 1908இல் வெளியிட்ட கதையில் ஆன் ஷேர்லி என்னும் அநாதைச் சிறுமி வருகிறாள். பிறர் வீட்டில் வளர்ந்த காலத்தில், புத்தக அலுமாரியின் கண்ணாடியிலே தெரிந்த தன் சாயலுக்குக் கேற்றி மொறிஸ் எனப் பெயரிட்டு அவள் உறவாடினாள். தாயை இழந்து பாட்டன் பாட்டியிடம் வளர்ந்த ஆசிரியரும் இளமையில் இவ்வாறே கண்ணாடித் தோழியரோடு பேசியவர். ஆயினும் கேற்றி மொறிஸ் இனியவளேயன்றி எதிர்த்துப் பேசுபவளல்லள். ஆறுதல் தருவாள், கதையை நடத்த மாட்டாள்.

உண்மை வாழ்விற் கற்பனைத் தோழர் இத்துணைப் பணிவுடையவரல்லர். இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்த ஒறிகன் பல்கலைக்கழக உளவியலாளர் மாஜரி ரெயிலர், அத்தோழர் சொற்கேளாது பிள்ளைகளைச் சினமூட்டுவதும் உண்டு என எடுத்துக் காட்டியுள்ளார். 2003இல் அவரும் உடனாய்வாளரும் ஐம்பது கதாசிரியரை வினவியபோது, தம் பாத்திரங்கள் தம் விருப்பத்தையும் மீறி நடப்பதாகப் பெரும்பாலோர் கூறினர். 2004இல் வெளியான ஆய்வில், ஏழு வயதுக்குள் நூற்றுக்கு 65 பிள்ளைகளுக்கு ஏதோவொரு காலத்தில் இத்தகைய தோழமை இருந்தமை தெரியவந்தது. ஆதலின், தனியே பேசிக்கொண்டிருக்கும் மாணவனைக் கண்டு நகைக்கும் நாம், நம் இளமையைச் சற்று நினைத்துக்கொள்ளல் நன்று.

சொற்கேளாத் தோழனை வைத்து எழுதப்பட்ட கதைகளுள், நான் படித்தவற்றில் மேலானது 2011இல் வெளிவந்த ‘ஏ மொன்ஸ்ரர் கோல்ஸ்’. இதன் கருவை எண்ணியவர் சிவோன் டௌட் என்னும் எழுத்தாளர். 2007இற் புற்றுநோய் அவரைக் கொண்டுபோகவே, பற்றிக் நெஸ் அதனை எழுதி முடித்தார். ஜிம் கே தீட்டிய ஓவியங்களோடு, கார்னகி, கிறீன்எவே ஆகிய இரு பதக்கங்களையும் 2012இல் அந்நூல் ஒருங்கே பெற்றது.

கொனர் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவனின் தாய் புற்றுநோயால் நலிகிறாள். நள்ளிரவு கடந்து 12.07 மணிக்கு, வீட்டின் பின்னே நிற்கும் யூ மரம் பேருருக்கொண்டு அவனிடம் வருகிறது. தாயைக் காக்கவே அது வந்ததென அவன் நம்புகிறான். அந்நம்பிக்கை வீணன்று, யூ இனத்து மரங்களிலிருந்து புற்றுநோய் மருந்து ஆக்கப்படுவது உண்மையே. மரமோ மூன்று கதைகளைச் சொல்லி, நான்காவதை அவனே சொல்லவேண்டுமென்கிறது. அவன் கெஞ்சுகிறான், சினக்கிறான், பொய் சொல்கிறான். மரம் விட்டபாடில்லை. இறுதியில், தாயின் துன்பத்தைக் கண்டு நிற்கும் வேதனை எப்படியேனும் முடிந்தாற் போதும் எனத் தான் விரும்பியதை அழுதுகொண்டே சொல்கிறான். அதன்பொருட்டு மரம் அவனைத் தண்டிக்கவில்லை. மீண்டும் 12.07 மணி நெருங்குகையில், கொனர் அன்னையின் கட்டிலருகே அவள் கையைப் பற்றியவாறிருக்கிறான். மரம் அவன் பின்னே நிற்கிறது.