வெங்காய மூட்டையின் விலை

வெங்காயம் இல்லாமல் எத்தனை நாள் சமைக்க முடியும்? நம் கடைக்கு வரும் பெரிய வெங்காயம் மகாராஷ்டிரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் வருகிறது. விலை கூடினால் வாங்குகிறவர் வயிறு எரிகிறது. விலை குறைந்தால் விளைவித்தவர் வயிறு எரிகிறது.

அப்படியானால் விலையை யார் முடிவு செய்வது? அரசா? சந்தையா?

புனே நகருக்கு அருகில் சாக்கன் என்ற ஊர் இருக்கிறது. பெரிய வெங்காயச் சந்தை உள்ள ஊர். அதன் பக்கத்துக் கிராமத்தில் சரத் ஜோஷி என்பவர் வறண்ட நிலம் வாங்கினார். அவர் பரம்பரை விவசாயி அல்ல. அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்தவர். சுவிட்சர்லாந்து நாட்டில் நல்ல சம்பளத்தில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு 1970களின் பிற்பகுதியில் ஊர் திரும்பி ஏர் பிடித்தார்.

பயிர் செய்தார். கணக்கு எழுதினார். செலவுக்கும் வரவுக்கும் கட்டவில்லை. ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவருக்கே இந்த நிலை என்றால், எழுதப் படிக்கத் தெரியாதவர் கதி என்ன?

1979இல் அவர் ஷேத்கரி சங்கடனா என்ற விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார். 1980இல் சாக்கன் விவசாயிகள் சாலையை மறித்தார்கள். "பிச்சை வேண்டாம், வேர்வைக்கு விலை வேண்டும்" என்பது அந்த அமைப்பின் முழக்கம்.

மற்ற தலைவர்கள் அரசிடம் உதவி கேட்டார்கள். ஜோஷி வேறு மாதிரி கேட்டார். அரசே, நீ கொடுக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம், நடுவில் வராதே என்றார். இதைத்தான் தடையற்ற சந்தை என்கிறார்கள்.

அரசு விவசாயியிடம் என்ன எடுக்கிறது? இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு கிலோ வெங்காயம் வெளிநாட்டில் 30 ரூபாய்க்குப் போகிறது, உள்ளூரில் 12 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டால் விவசாயி 12 ரூபாய்க்குத்தான் விற்க வேண்டும். கப்பல் செலவையும் வியாபாரி லாபத்தையும் கழித்தாலும் அவருக்குச் சில ரூபாய் நட்டம். இது ரசீது இல்லாத வரி. உரத்துக்கு மானியம் என்று ஒரு கையால் கொடுத்து, மறு கையால் அதற்கு மேல் எடுக்கிறார்கள் என்றார் ஜோஷி.

இந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆனால் அரசுக்கும் ஒரு பயம் உண்டு. 1998இல் வெங்காய விலை ஏறியது. அந்த ஆண்டு டெல்லியில் ஆளும் கட்சி தேர்தலில் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். அன்றாடக் கூலிக்காரர் கால் கிலோ வாங்கவே யோசிக்கிறார் அல்லவா?

அதனால் தடையும் வரியும் திரும்பத் திரும்ப வருகின்றன. 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டார்கள். 100 ரூபாய்ச் சரக்குக்கு 40 ரூபாய் வரி. டிசம்பரில் ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். 2024 மே மாதம் தடை நீங்கியது. 2025 ஏப்ரல் முதல் தேதி வரியும் போனது. இதைப் பார்க்க ஜோஷி இல்லை. அவர் 2015இல் காலமானார்.

சரி, வரியும் தடையும் இல்லாவிட்டால் விவசாயிக்கு விலை கிடைத்துவிடுமா?

2023 பிப்ரவரியில் தடையும் இல்லை, வரியும் இல்லை. அப்போது ஒரு விவசாயி 512 கிலோ வெங்காயத்தைச் சோலாப்பூர் சந்தைக்குக் கொண்டுபோனார். வரத்து அதிகம். கிலோ 1 ரூபாய்க்குத்தான் போனது. வண்டி வாடகை, மூட்டை இறக்குகூலி, எடைக்கூலி எல்லாவற்றையும் பிடித்தார்கள். மிச்சம் 2 ரூபாய். அதையும் கையில் தரவில்லை. பின் தேதி போட்ட காசோலையாகத் தந்தார்கள்!

இறக்குகூலி என்று பார்த்தோம். அந்தக் கூலிக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு.

சந்தையில் மூட்டை சுமப்பவரை மராட்டியில் ஹமால் என்பார்கள். முன்பு அவர்களுக்கு நிலையான கூலி கிடையாது. வியாபாரி கொடுத்ததுதான் கூலி. மூட்டை விழுந்து இடுப்பு ஒடிந்தால் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். 1955இல் புனேயில் பாபா ஆடாவ் ஹமால் பஞ்சாயத்து என்ற சங்கத்தைத் தொடங்கினார். அவர் மருத்துவம் படித்தவர். கூலியைச் சந்தையின் கையில் விட்டால் சுமப்பவருக்கு முதுகுவலிதான் மிஞ்சும் என்பது சங்கம் கண்ட அனுபவம்.

மும்பையிலும் சுமைத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1969இல் மகாராஷ்டிரத்தில் அவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. தொழிலாளியும் வியாபாரியும் ஒரு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். வியாபாரி கூலியை வாரியத்தில் கட்டுவார். அதற்கு மேலும் ஒரு தொகை கட்டுவார். அந்தத் தொகையிலிருந்து சேமநல நிதி, பணிக்கொடை, மருத்துவ உதவி எல்லாம் கிடைக்கும்.

தடையற்ற சந்தையை விரும்புகிறவர்கள் இதை ஏற்பதில்லை. விளைபொருளுக்கு நல்ல விலை கிடைத்தால் கூலி தானாக உயரும், சட்டம் போட்டால் செலவுதான் கூடும் என்பார்கள். இந்த வாதம் பாதிதான் சரி. 1955க்கு முன்பும் சந்தையில் வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. கூலி தானாக உயரவில்லையே! அதே சமயம் அந்தக் கூலியை வியாபாரி தன் பையிலிருந்து தராமல் விவசாயியின் பட்டியலில் கழித்தால், ஓர் ஏழையின் கூலி இன்னோர் ஏழையின் தலையில் விழுகிறது. சோலாப்பூரில் நடந்தது அதுதான்.

2016இல் மகாராஷ்டிர அரசு ஒரு மாற்றம் செய்தது. காய்கறிக்கான தரகை விவசாயியிடம் பிடிக்கக்கூடாது, வாங்குகிறவர்தான் தர வேண்டும் என்றது. அங்கே விற்கிற விவசாயிக்குச் சந்தையில் ஒரு சீட்டு தருவார்கள். அதில் எடை, விலை, வண்டி வாடகை, இறக்குகூலி, எடைக்கூலி என்று வரிசையாக எழுதியிருக்கும். தரகு என்று ஒரு வரி இருந்தால், அது ஏன் என்று அவர் கேட்கலாம்.