கழகத்தில் இடம் பெறாதவர்கள்

தானம், விதவை, அக்கினி என்னும் சொற்களை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். இலத்தீனில் இவை தோனும், விதுவா, இக்னிஸ் என ஒலிக்கும். இலத்தீன் பூசை கண்டு வளர்ந்த நம் முதியோர் சிலருக்கேனும் இவ்வொற்றுமை வியப்பூட்டியிருக்கலாம். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைக் கண்டவர் யார் என வினவின், கற்றோர் பலரும் சர் வில்லியம் ஜோன்ஸ் என்பர்.

கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த ஜோன்ஸ், 1784 சனவரி 15ஆம் நாள் ஆசியக் கழகத்தை நிறுவினார். 1786 பிப்ரவரியில் கழகத்தாரிடையே இவ்வுறவைப் பற்றி அவர் ஆற்றிய உரை, 1788இல் கழகத்தின் ஆய்விதழில் அச்சேறி ஐரோப்பாவெங்கும் பரவிற்று.

ஆயின் பத்தொன்பது ஆண்டுகட்கு முன்னரே, 1767இல், சேசு சபைக் குருவானவர் ஒருவர் புதுச்சேரியிலிருந்து பாரீசுக் கல்விக் கழகத்துக்கு இதே உண்மையை எழுதி அனுப்பியிருந்தார். அவரே கேர்தூ சுவாமிகள். 1691இல் பிரான்சு நாட்டில் பிறந்து, 1732இல் இந்தியா வந்தவர். தெலுங்கும் வடமொழியும் கற்றவர். சொற்களை அடுக்கியதோடு அவர் நிற்கவில்லை. எண்ணுப் பெயர்களையும் வினைத் திரிபுகளையும் ஒப்பிட்டார். வணிகத்தால் பண்டத்தின் பெயர் வரலாம்; 'நான்', 'இரண்டு' என்பனவற்றைக் கடன் வாங்குவோர் உண்டோ என்பது அவர் வாதம். பாபேல் கோபுரத்தைக் கொண்டு அவர் கூறிய விளக்கத்தை இன்றைய அறிஞர் ஏலார். ஒப்பீடோ நிலைத்து நிற்கிறது.

அக்கடிதம் அச்சேறியது 1808இல்! இதற்கிடையே 1773இல் சேசு சபையே கலைக்கப்பட்டது. 1779இல் சுவாமிகளும் புதுச்சேரியில் இறைவனடி சேர்ந்தார். ஜோன்ஸ் அக்கடிதத்தைக் கண்டார் என்பதற்குச் சான்றில்லை. அவரைக் குறை கூறுதல் முறையன்று. அவர் சொல்லை ஏந்திச் செல்லத் தோழரும் இதழும் கொண்ட கழகம் இருந்தது. முதிய குருவுக்கோ தொலைவிலிருந்த ஒரு கழகத்தின் கடிதக்கட்டு மட்டுமே.

அந்தத் தோழமைக்கும் ஓர் எல்லை இருந்தது. ஜோன்சுக்கு வடமொழி கற்பித்தவர் நதியாவைச் சேர்ந்த இராமலோசனர். அவரைப் போன்ற பண்டிதரின்றிக் கழகத்தின் பணி ஓர் அடியும் நகர்ந்திராது. ஆயினும் தொடங்கி நாற்பத்தைந்து ஆண்டுகள் வரை இந்தியர் எவரும் அதில் உறுப்பினராகவில்லை. 1829இல்தான் அக்கதவு திறந்தது. 1846இல் அங்கு நூலகராகச் சேர்ந்த இராசேந்திரலால் மித்திரர், 1885இல் அதன் முதல் இந்தியத் தலைவரானார்.