பால் எங்கே விழுகிறது?

சென்னை அருகே கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக எத்தனை ரிசார்ட்! மசாஜ் அறை, யோகா மண்டபம், நீச்சல் குளம். மின்சாரச் சிக்கனம் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “எல்லாம் எல்.இ.டி. ஆக்கியாச்சு.” வீட்டில் நாமும் அதைத்தானே சொல்கிறோம்?

அதில் பாதிதான் உண்மை. வாட் என்பது வெளிச்சத்தின் அளவு அல்ல. விளக்கு மின்சாரம் தின்னும் வேகம். மாடு தின்னும் புல் என்று வைத்துக்கொள்வோம். கறக்கும் பாலுக்குப் பெயர் லூமென். பழைய 60 வாட் குண்டு பல்பு, தின்றதில் பெரும்பகுதியைச் சூடாக்கிவிடும். 9 வாட் எல்.இ.டி. அதே பாலைக் கறந்துவிடுகிறது. 2015-ல் எல்.இ.டி. பல்பை மலிவாகக் கொடுக்கும் அரசின் உஜாலா திட்டம் வந்தபின் இந்த மாடு பல வீடுகளுக்கும் வந்துவிட்டது.

நல்ல மாடுதான். ஆனால் கறந்த பால் பாத்திரத்தில் விழுகிறதா? அதாவது, வெளிச்சம் வேண்டிய இடத்தில் விழுகிறதா? எல்லாரும் சறுக்குவது இங்கேதான். விளக்கு மலிவானதும் ஒன்று இருந்த இடத்தில் நான்கு மாட்டுகிறோம். தென்னை மரத்துக்குக்கூடச் சரவிளக்கு சுற்றுகிறோம்.

பாலைச் சிந்தாமல் பிடிப்பது எப்படி என்று பார்க்க மாமல்லபுரத்துக் குன்றுக்கு வாருங்கள். இன்றைய கலங்கரை விளக்கம் எழும்புமுன், பக்கத்துப் பாறைமேல் இருக்கும் ஓலக்கணேசுவரர் கோயிலின் உச்சியில்தான் விளக்கெரித்தார்கள். எந்தத் திறந்த தீயின் ஒளியும் நாலாபக்கமும் சிதறும். வானத்துக்கும் மலைக்கும் போவது வீண். 1823-ல் பிரான்சில் ஃப்ரெனெல் என்ற இயற்பியலாளர் தன் கண்ணாடி வில்லையை ஒரு கலங்கரை விளக்கத்தில் பொருத்தினார். சிதறிய ஒளியைத் திரட்டிக் கடல் பக்கம் திருப்பியது அது. விளக்கின் ஒளி வெகுதூரம் எட்டியது.

இப்போது மசாஜ் அறைக்குள் போவோம். விருந்தாளி மல்லாந்து படுத்திருக்கிறார். நேர் மேலே, கூரை நடுவில், பளிச்சென்று ஒரு விளக்கு. கண் கூசுகிறது என்று முகத்தில் துண்டைப் போடுகிறார்கள்! காசு கொடுத்து வெளிச்சம் போட்டு, அப்புறம் அதை மறைப்பது. அந்த விளக்கையே வெளிர்நிறச் சுவரின் மேல் வழியவிட்டால், பாதி வெளிச்சமே அறைக்குப் போதும். மூடிய அறையில் விளக்கு தின்னும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அதை வெளியே தள்ள ஏ.சி. தனியாக மின்சாரம் தின்னும். மூன்று வாட் விளக்குக்கு ஏ.சி. ஏறத்தாழ ஒரு வாட் சேர்த்துக்கொள்ளும் என்பது தோராயக் கணக்கு.

கடற்கரைப் பக்கம் விஷயம் இன்னும் நுணுக்கமானது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையேறி முட்டையிடுகின்றன. இரவில் பொரிந்து வரும் குஞ்சுகளுக்கு முக்கிய வழிகாட்டி, வெளிச்சமான அடிவானம். இயற்கையில் அது கடல்தான். ரிசார்ட் விளக்கு அதைவிடப் பளிச்சென்றால், அவை சாலைப் பக்கம் ஊர்ந்துபோகும். சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். கரையோரம் எரியும் விளக்குகளும் அதற்கு ஒரு காரணம். நீலம் கலந்த வெள்ளை ஒளி ஆமையின் கண்ணை அதிகம் இழுக்கும். மஞ்சள்-செம்மை ஒளி அவ்வளவு இழுக்காது. விளக்கை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, தலையில் தொப்பிபோல ஒரு மூடி போட்டால், பாதையும் தெரியும், கடலும் இருட்டாகவே இருக்கும்.

அடுத்த முறை போகும்போது, இரவில் அலையோரம் நின்று ரிசார்ட்டைத் திரும்பிப் பாருங்கள். பாதை தெரிகிறதா, பல்பு தெரிகிறதா?