காவலூரின் கண்ணாடி இழை

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் மலைச்சாலையில் இருக்கிறது காவலூர். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 234 செ.மீ. ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. வருகிறவர்கள் அந்த ஆடியைப் பார்த்துத்தான் வியக்கிறார்கள். எனக்கோ, ஆடி திரட்டும் ஒளியைக் கீழே அறைக்குக் கொண்டுவரும் 45 மீட்டர் கண்ணாடி இழையின் மேல்தான் கண். ஒளி செல்லும் அதன் உள்ளகம் 100 மைக்ரான். ஏறக்குறைய தலைமுடியின் தடிமன். மறுமுனையில் இருக்கும் எஷல் நிறமாலைமானி அந்த ஒளியைப் பிரித்து, நட்சத்திரத்தில் என்ன தனிமங்கள் உள்ளன, அது எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று கணிக்க உதவுகிறது.

ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் இந்த இழை மிக அகலம்; அதனால் அதற்குள் ஒளி ஆயிரக்கணக்கான பாதைகளில் போகிறது. மறுமுனையில் அலைகள் சேரும்போது, முகடும் முகடும் சேர்ந்த இடம் வெளிச்சம்; முகடும் அகடும் சேர்ந்த இடம் இருட்டு. பிளஸ் டூ இயற்பியலில் படித்த குறுக்கீட்டு விளைவுதான் இது. லேசர் ஒளியைச் செலுத்தி இழையின் முனையைப் பெரிதாக்கிப் பார்த்தால், மணலை வாரி இறைத்ததுபோல வட்டம் முழுக்க ஒளிப்பொட்டுகள். இழையை விரலால் லேசாகத் தொட்டாலே அவை இடம் மாறிவிடும். மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறையாவது காட்ட வேண்டும். ஒரு லேசர் பாயின்டரும் ஒரு துண்டு இழையும் போதும்.

தொடாமலே, சூடு ஏறினாலும் பொட்டுகள் இடம் மாறும். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் அரை மைக்ரான். ஒரு மீட்டர் சிலிக்கா இழை 1 டிகிரி சூடேறினால், அதனுள் ஒளியின் பாதை இருபது அலைநீளத்துக்கும் மேல் கூடுகிறது. கண்ணாடி நீள்வது அதில் சொற்பம். ஒளிவிலகல் எண் மாறுவதே பெரும்பங்கு. வெளிச்சம் இருட்டாக அரை அலைநீள வித்தியாசமே போதும்.

பொட்டுகள் இப்படி இடம் மாறுவது வானியலாளர்களுக்குப் பெரிய தலைவலி. நட்சத்திர ஒளியில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் பொட்டுகள் மங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் நிறங்களை நுணுக்கமாகப் பிரிக்கப் பிரிக்க அவை மறுபடி தலைகாட்டுகின்றன. பொட்டு நகர்ந்தால் நிறமாலைக் கோடே நகர்ந்த மாதிரி தெரியும். கோட்டின் நகர்வை வைத்துத்தான் நட்சத்திரத்தின் வேகத்தையும், சுற்றிவரும் கோள் அதை அசைப்பதையும் கணிக்கிறார்கள். வியாழன் சூரியனை அசைப்பது விநாடிக்குச் சுமார் 12.5 மீட்டர் வேகத்தில். பூமி அசைப்பதோ 9 சென்டிமீட்டர்தான். இத்தகைய அசைவைத் தேடுகிறவர்களுக்குப் பொய்யான நகர்வு கொஞ்சமும் ஆகாது. அதனால் சில வானாய்வகங்களில், ஒளியைப் பதிவு செய்யும் நேரம் முழுக்க இழையை வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பொட்டுகள் கலைந்து சராசரியாகிவிடுகின்றன.

இந்தத் தொல்லையையே உணரி செய்பவர்கள் பயனாக்கிக்கொண்டார்கள். லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒற்றைப் பாதை மட்டுமுள்ள மெல்லிய இழைகளில் அனுப்புகிறார்கள். ஒன்று பத்திரமான பெட்டிக்குள். மற்றது அளக்க வேண்டிய இடத்தில். திரும்பச் சேர்க்கும்போது வெளிச்சம் ஏறி இறங்குவதை வைத்து வெப்பம், இழுவிசை, அதிர்வு எல்லாம் கணக்கிடலாம். கடலுக்கடியில் கப்பலின் ஒலியைக் கேட்கும் ஹைட்ரோஃபோன்களில் ஒரு வகை இப்படி அமைகிறது. அளக்கும் இடத்தில் மின்சாரமே வேண்டாம் என்பதால் எரிபொருள் தொட்டி அருகிலும் தீப்பொறி பயமில்லாமல் வைக்கலாம்.

இப்போது புதிதாக இழை பதிக்கக்கூடத் தேவையில்லை. இன்டர்நெட்டுக்காக ஏற்கெனவே மண்ணில் புதைத்த கேபிளில் லேசர் துடிப்பை அனுப்பி, கண்ணாடியிலிருந்து சிதறித் திரும்பும் ஒளியின் மாற்றத்தைக் கவனித்தால், பல கிலோமீட்டர் நீளத்துக்கு நிலநடுக்க அதிர்வு மீட்டர் மீட்டராகப் பதிவாகிறது.